நாடகத் தயாரிப்பு வகுப்பு: நடிக்கப் போனேன், ஹெட்செட் மாட்டிவிட்டார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிப்புக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து இதில் சேர்ந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்தேன். இப்போது அதில் வருத்தமில்லை. ஆனால் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் இந்த விமர்சனம்.

நான் கணிதம் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் எந்தத் துறைக்காரரும் எடுக்கக்கூடிய விருப்பப் பாடம் இது. 16 வாரம், முடிவில் முழு நாடகம் ஒன்றை மாணவர்களே தயாரித்து மூன்று நாள் போட வேண்டும். வாரம் இரண்டு வகுப்பு, மூன்று மூன்று மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கும். நம்பாதீர்கள். கடைசி மூன்று வாரம் சாயங்காலம் என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது.

சேர்ந்தவர்கள் 22 பேர். எல்லோருக்கும் நடிக்கத்தான் ஆசை. நாடகத்தில் பாத்திரங்கள் ஏழு. கணக்கு உங்களுக்கே புரியும். நான் கண்ணாடி முன்னால் நின்று பத்து நாள் பழகிய வசனத்தை ஆடிஷனில் கையெல்லாம் ஆட்டிப் பேசிவிட்டு வந்தேன். மறுநாள் ஒட்டிய பட்டியலில் என் பெயர் கடைசிக்கு முந்தின வரியில், ‘ஸ்டேஜ் மேனேஜர்’ என்பதற்கு நேராக இருந்தது. மேடத்திடம் போய்க் கேட்டேன். “மத்தவங்க ஆடிஷன் பண்றப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தே? யாரு எந்த வரியில தடுமாறினாங்கன்னு பென்சில்ல குறிச்சிட்டிருந்தே. அதான்” என்றார். என் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்தே புரிந்துகொண்டேன்.

முதல் நான்கு வாரம் பாடம். பெரும்பாலும் ஸ்லைடுதான், தூக்கம் வரும். ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் நாடகம் எழுதச் சொல்லிக்கொடுத்ததும், எழுதியதை மேடையேற்றிப் பார்க்க ‘47 வொர்க்‌ஷாப்’ நடத்தியதும் (அந்தப் பாடத்தின் எண் 47, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்), நாடகாசிரியர் யூஜின் ஓ’நீல் அவரிடம் படித்ததும், 1925-இல் பேக்கர் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அப்போது தெரிந்துகொண்டவை. நாடகத்தைப் போட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதையே எங்களுக்கு உட்கார வைத்து ஸ்லைடில்தான் சொன்னார்கள்.

அந்த நான்கு வாரத்தில் உருப்படியாக மனசில் நின்றது மேடைத் திசைகள். இடது, வலது எல்லாம் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது, வலது. பின்பக்கம் ‘அப் ஸ்டேஜ்’, முன்பக்கம் ‘டவுன் ஸ்டேஜ்’. பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்ததால் வந்த பெயர்கள். இப்போது மேடை தட்டையாகிவிட்டது, பெயர் மட்டும் மேலும் கீழுமாக நிற்கிறது. எங்கள் கதாநாயகனுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை. “டவுன் வா” என்றால் உட்கார்ந்துவிடுவான்.

ஐந்தாவது வாரம் ஸ்கிரிப்ட் கைக்கு வந்தது. இலக்கியத் துறை மாணவி ஒருத்தி எழுதியது. அப்பா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்ய வரும் மூன்று பிள்ளைகள், ஒரே அறை, ஒரே கதவு, 70 நிமிடம். இங்கிருந்துதான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது.

ஸ்டேஜ் மேனேஜருக்கு முதல் வேலை ப்ராம்ப்ட் புக் தயார் செய்வது. ஸ்கிரிப்டை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, தடித்த ஃபைலில் கோத்து, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட வேண்டும். அந்தக் காலிப் பக்கத்தில்தான் நாடகம் எழுதப்படுகிறது. யார் எந்த வரியில் எழுந்தார், எங்கே நடந்தார், எந்தக் கையில் பெட்டி இருந்தது, எல்லாம். பென்சிலில் மட்டும். நான் முதல் நாள் பேனாவில் எழுதினேன். இயக்குநர் பையன் ஒரே ஒத்திகையில் அக்காவின் நடையை ஆறு முறை மாற்றினான். அந்தப் பக்கம் இன்றைக்கும் போர்க்களம் மாதிரி இருக்கிறது.

ஒரு வாரத்துக்குள் அந்த ஃபைலுக்கு ஒரு அதிகாரம் வந்துவிட்டது. “நான் ஜன்னல்கிட்ட நிக்கவே இல்லையே, நாற்காலிக்குப் பின்னாலதானே இருந்தேன்” என்று தம்பி வேஷக்காரன் சண்டைக்கு வருவான். நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்குப் போவான். வாழ்க்கையில் நான் சொல்லி நான்கு பேர் கேட்டது அப்போதுதான்.

ஒத்திகை அட்டவணை போடுவதும் என் தலையில். முதல் இரண்டு வாரம் எல்லோரையும் எல்லா நாளும் வரச் சொன்னோம். நான்கு பேர் நடிக்க, மூன்று பேர் மூலையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் அந்த மூவரில் ஒருத்தி வரவே இல்லை. அப்போது மேடம் ‘பிரெஞ்சு சீன்’ என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தாளர் பிரித்த காட்சிகளை மறந்துவிட வேண்டும். மேடைக்கு ஒருவர் வந்தாலோ போனாலோ அங்கே புதுத் துண்டு ஆரம்பம். எங்கள் நாடகம் 14 துண்டாக வந்தது. 14 வரிசை, ஏழு நிரல், யார் எந்தத் துண்டில் இருக்கிறாரோ அங்கே ஒரு டிக். கணிதக்காரிக்கு வேறென்ன வேண்டும்! எந்தத் துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் காத்திருப்பு குறையும் என்று ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுப் பார்த்தேன். மறுவாரத்திலிருந்து மூலையில் யாரும் இல்லை. இந்தப் பாடத்துக்குச் செலவழித்த நேரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ராத்திரி அது.

இனி குறைகள். பெரிய குறை, விளக்கு. நிஜ மேடை விளக்கை நாங்கள் தொட்டது பதின்மூன்றாவது வாரத்தில்தான். அதுவரை வகுப்பறைக் குழல்விளக்கில் ஒத்திகை. ஃப்ரெனெல் லென்ஸ் முதலில் கலங்கரை விளக்கத்துக்காக உருவானது என்றெல்லாம் ஸ்லைடில் படித்துவிட்டோம். ஆனால் அந்த லென்ஸ் போட்ட ஒரு ஃப்ரெனெல் விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் தள்ளினால் வெளிச்ச வட்டம் எப்படிப் பெரிதாகி ஓரம் கரைகிறது என்பதை லைட்ஸ் பையன் பார்த்தது நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பு. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இதை ஐந்தாவது வாரமே காட்டியிருந்தால் என்ன?

அவசரத்தின் பலன் உடனே தெரிந்தது. எங்களிடம் இருந்தவை பழைய 1000 வாட் விளக்குகள். 230 வோல்ட்டில் ஒன்று கிட்டத்தட்ட 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சர்க்யூட்டில் மூன்று போட்டால் 13, நான்கு போட்டால் 17-ஐத் தாண்டும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் நான்கு போட்டோம். மற்ற விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்க, மேடையின் இடது பக்கம் மட்டும் குப்பென்று இருண்டது. அம்மா வேஷக்காரி இருட்டில் நின்றபடியே வசனத்தைத் தொடர்ந்தாள், நல்ல பெண். மேடம் திட்டவில்லை. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று தாளில் எழுதி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மேல் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்றார். இரவு பதினொன்றரை ஆனது.

அவர் குரலை உயர்த்தியது ஒரே ஒரு முறை. பார்வையாளர் பகுதியின் பக்கவாட்டுக் கதவு முன்னால் நாங்கள் மிச்ச நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி எல்லோரையும் உட்கார வைத்து, 1903 டிசம்பர் 30-ஆம் தேதி சிகாகோவின் இராக்குவா தியேட்டரில் நடந்ததைச் சொன்னார். விளக்கிலிருந்து திரையில் பற்றிய தீ. தடுக்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பலவற்றைத் திறக்க முடியவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, “இப்போ நாற்காலிய எடுங்க” என்றார். இரண்டு நிமிடத்தில் கதவு முன் ஒன்றும் இல்லை. ஸ்லைடு போடாமல் அவர் எடுத்த ஒரே வரலாற்றுப் பாடம் அது. ஒருவருக்கும் மறக்கவில்லை.

ஒலி பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாவது வாரம் ‘க்யூ டு க்யூ’. வசனத்தையெல்லாம் தாண்டி, விளக்கோ ஒலியோ மாறும் இடங்களை மட்டும் வரிசையாகச் செய்து பார்ப்பது. எங்களுக்கு லைட் க்யூ 61, சவுண்ட் க்யூ 18. எழுபது நிமிட நாடகத்துக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. நடிகர்களுக்கு இது நரகம். இரண்டு அடி நடக்க வேண்டும், நிற்க வேண்டும், இருபது நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், மறுபடி அதே இரண்டு அடி. எனக்கோ அன்றைக்குத்தான் ஆடிஷனில் தோற்றது நல்லதற்கே என்று தோன்றியது.

ஹெட்செட்டில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் “ஸ்டாண்ட்பை எல்எக்ஸ் 14.” எல்எக்ஸ் என்றால் லைட்டு. லைட்ஸ் பையன் “ஸ்டாண்ட்பை” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு நேரம் வரும்போது “எல்எக்ஸ் 14, கோ.” ‘கோ’ என்ற சொல் கடைசியில்தான் வர வேண்டும். அதைக் கேட்ட நொடி விரல் பட்டனை அழுத்தும், யோசிக்காது. அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. நான் முதல் மணி நேரத்திலேயே “மேக்கப் முடிஞ்சா நீ கோ” என்று யாரிடமோ சொல்லி, சாவு வீட்டுக் காட்சி நடுவில் விடியற்காலையைக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் நின்றவரை திடீரென்று முழு இருட்டில் விட்டால் ஒன்றும் தெரியாது, கண் பழக நிமிடங்கள் ஆகும். பிளாக் அவுட்டில் மேசையை நகர்த்த வேண்டிய தம்பி இரண்டு முறை முழங்காலை இடித்துக்கொண்டான். தரையில் இருட்டில் மினுங்கும் டேப் ஒட்டினோம். போதவில்லை. பிறகு மேடை உதவிக்கு வந்திருந்த ஒரு சீனியர் அண்ணாதான், “பிளாக் அவுட்டுக்கு முன்னாடி சைடுல திரும்பி ஒரு கண்ண மூடி வெச்சுக்கோடா, இருட்டானதும் திற” என்றார். அதற்கப்புறம் இடிக்கவில்லை. இந்த மாதிரி விஷயம் எந்த ஸ்லைடிலும் இல்லை.

இப்போது என் கதை. நாடகத்தின் கடைசி க்யூ, எல்எக்ஸ் 61. எல்லோரும் போன பிறகு பெரிய அக்கா வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பாள், இருட்டு. சுவிட்ச் பொம்மை, வயரே கிடையாது. அவள் விரல் படும் கணத்தில் விளக்கு போக வேண்டும். நான் ‘கோ’ சொல்லி, அவன் காதில் விழுந்து, விரல் அழுத்தி, விளக்கு அணைய அரை விநாடியாவது ஆகும். அதாவது விரல் சுவிட்சைத் தொடுவதைப் பார்த்துச் சொன்னால் கண்டிப்பாகத் தாமதம்.

முதல் நாள் அதைத்தான் செய்தேன். அவள் அணைத்தாள், விளக்கு எரிந்தது, பிறகு போனது. 70 நிமிடம் கண்கலங்கி உட்கார்ந்திருந்த கூட்டம் பக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் கொஞ்ச நாளைக்கு மறக்க மாட்டேன். அவள் கிரீன் ரூமில் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் எல்லாமே கோணல். நடுவில் தம்பி கோபமாக வெளியே போகும் இடத்தில் கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், “இந்த வீடு நம்மள விடாது போல” என்று சொல்லிவிட்டு நின்றான். கைதட்டல். நான் ஹெட்செட்டில், மேடையின் பக்கவாட்டு மறைவில் (விங்கில்) நின்றவளிடம் வெளியிலிருந்து கதவைத் தள்ளச் சொன்னேன், கதவு தானாகத் திறந்தது, அவன் போனான். அதற்கும் கைதட்டல். இயக்குநருக்கு ஒரே சந்தோஷம், மூன்றாம் நாளும் கைப்பிடியைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டான். செட் போட்ட பெண் சுத்தியலோடு அவனைப் பார்த்த பார்வையில் பேச்சு அங்கேயே முடிந்தது. இந்தப் பரபரப்பில் எல்எக்ஸ் 61-ஐ நான் சீக்கிரம் சொல்லிவிட்டேன். அவள் கையைத் தூக்கும் முன்பே வீடு இருண்டது. பேய் வீடு.

மூன்றாம் நாள் மதியம் அவளை மட்டும் மேடைக்கு வரச் சொல்லி அந்த ஒரு அசைவைப் பதினைந்து முறை செய்யச் சொன்னேன். கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். கை கிளம்பும் முன் அவள் ஒவ்வொரு முறையும் மூச்சை விடுகிறாள், வலது தோள் கொஞ்சம் இறங்குகிறது. அது அவளுக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அதை நடிக்க ஆரம்பித்துவிடுவாள். ப்ராம்ப்ட் புக்கில் எல்எக்ஸ் 61-க்குப் பக்கத்தில் ‘விரல்’ என்று இருந்ததை அழித்துவிட்டு ‘தோள்’ என்று எழுதினேன். அன்று இரவு தோள் இறங்கியது, கோ என்றேன், விரலும் இருட்டும் ஒன்றாக வந்தன. கொஞ்ச நேரம் ஒருவரும் கைதட்டவில்லை. பிறகுதான் தட்டினார்கள். லைட்ஸ் பையன் ஹெட்செட்டில், முறைப்படி பேசவே கூடாத நேரத்தில், “அக்கா” என்று மட்டும் சொன்னான்.

இதற்குப் பிறகு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவது அல்பமாகத் தெரியலாம். பேசியே ஆக வேண்டும். நடிகர்களுக்கு மேடையில் செய்ததைப் பார்த்து மதிப்பெண். பின்னால் வேலை செய்த 15 பேருக்கும் 1500 வார்த்தையில் அனுபவக் கட்டுரை எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண். செட் போட்ட பெண் மூன்று சுவரையும் அந்தக் கதவையும் கிட்டத்தட்டத் தனியாகச் சட்டம் அறுத்து, துணி இழுத்துக் கட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தியவள். கட்டுரை எழுத வராது அவளுக்கு. அரைப் பக்கம் எழுதினாள். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்களில் ஒன்று அவளுக்கு. எனக்கு நல்ல மதிப்பெண், ஏனென்றால் எனக்கு இப்படி நீட்டி எழுத வரும். மேடத்திடம் சொன்னேன். விதிமுறை அப்படி என்றார். அது சரியான பதிலாக எனக்குப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

ஸ்ட்ரைக்கும் அப்படித்தான். கடைசி நாடகம் முடிந்த இரவே செட்டைப் பிரித்து, கேபிளைச் சுருட்டி, மேடையை வெறுமையாக ஒப்படைக்க வேண்டும். 22 பேருக்கும் கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. வந்தது ஒன்பது பேர். ஏழு நடிகர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள்: பெரிய அக்காவும், டவுன் என்றால் உட்காருகிற கதாநாயகனும். அவன் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பாக உரித்தான். வராதவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கையுறை நான்கு ஜோடிதான் இருந்தது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் விளக்கு இறக்குவது அடுத்த நாளைக்குப் போனது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை. விளக்கை ஐந்தாவது வாரத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கட்டுரையைத் தூக்கிப்போட்டால் நாலரை கொடுப்பேன். ஒலிக்கு யாராவது ஆசிரியர் போட்டால் மீதியைப் பற்றி யோசிக்கலாம்.

சேரப்போகிறவர்கள் கறுப்புச் சட்டை, சத்தம் போடாத செருப்பு, நல்ல அழிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் என்ன வேலை வேண்டும் என்று ஒரு படிவம் தருவார்கள், மூன்று விருப்பம் எழுதலாம். நான் மூன்றிலும் ‘நடிப்பு’ என்று எழுதினேன், எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். லைட்ஸுக்கு ஒருவர்கூட எழுதுவதில்லையாம். முதல் விருப்பமாக அதை எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கிடைத்துவிடும்.